உழைக்கிறவனுக்குத் தேகப்பயிற்சி எதற்கு என்று கேட்பவர்களுக்கு

"காலை முதல் மாலை வரை மாடாய் உழைக்கிறவனுக்குத் தேகப்பயிற்சி எதற்கு?"

இந்தக் கேள்வியை நாம் எத்தனையோ இடங்களில் கேட்டுவிட்டோம். ஊரிலே ஒரு தேகப்பயிற்சிக் கூடம் வேண்டும் என்று மனு கொடுத்தால், மனுவை வாங்குகிற அதிகாரி சிரித்துக்கொண்டே இதைக் கேட்கிறார். மில் வாசலில் நிர்வாகத்தின் ஆள் கேட்கிறார். களத்து மேட்டில் பண்ணைக்காரர் கேட்கிறார். இவர்கள் கேட்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. வேலை செய்யும்வரை அந்த உடம்பு அவர்களுக்கு வேண்டும். வேலைக்குப் பிறகு அது என்ன கதி ஆகிறது என்பது அவர்களுடைய கணக்குப் புத்தகத்தில் வராத விஷயம். ஆனால் இதே கேள்வியை நம்முடைய தோழர்களும் கேட்கிறார்கள். நாற்பது வயதிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு பாயிலிருந்து எழுந்திருக்கிற தோழர்கள் கேட்கிறார்கள். ஆகவே பதில் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

வேலையும் தேகப்பயிற்சியும் ஒன்றுதானா? முதலில் இதைப் பார்ப்போம்.

ஸ்பின்னிங் பகுதியில் சைடு பார்க்கும் பெண் தொழிலாளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஷிப்டு முழுதும் அவர் நடக்கிறார். எப்படிப்பட்ட நடை அது? அறுந்த இழையை ஒட்டுவதற்குக் கை எப்போதும் முன்னால். கழுத்து எப்போதும் ஒரு பக்கம். கண் எப்போதும் ஸ்பிண்டில் மேல். இருதயம் வலுப்பெறும் அளவுக்கு அந்த நடையில் வேகமும் கிடையாது, கால் ஆறும் அளவுக்கு நிதானமும் கிடையாது. சில வருஷங்களில் கெண்டைக்காலில் நரம்பு சுருண்டுகொள்கிறது, தோள்பட்டை மேலே எழும்ப மறுக்கிறது. இனி வயலுக்கு வாருங்கள். நடவு நடுகிற பெண்கள் காலை முதல் குனிந்த முதுகு குனிந்தபடியே பின்னால் நகர்கிறார்கள். முதுகை நிமிர்த்துகிற தசைக்கு ஓயாத இழுப்பு. மூட்டை தூக்கும் தொழிலாளியைக் கேட்கவே வேண்டாம். மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் ரத்த அழுத்தம் குபீரென்று ஏறுகிறது. அது இறங்கி அமைவதற்குள் அடுத்த மூட்டை தலைக்கு வந்துவிடுகிறது.

தேகப்பயிற்சி என்பது இதற்கு நேர் எதிரான காரியம். அரை மணி நேரம் இருதயம் வேகமாக அடிக்கிறது. பிறகு அதற்கு ஓய்வு கிடைக்கிறது. தசை ஒருநாள் கஷ்டப்படுகிறது. அடுத்த ஓரிரு நாட்கள் அது தன்னைச் செப்பனிட்டுக்கொண்டு முன்னைவிடக் கெட்டியாகிறது. பாரத்தை எப்போது கூட்டுவது, எப்போது குறைப்பது, எப்போது போதும் என்று நிறுத்துவது எல்லாம் செய்கிறவன் கையில் இருக்கிறது. வேலையில் இவற்றில் எது நம் கையில் இருக்கிறது? வேகத்தை மிஷின் தீர்மானிக்கிறது. நிறுத்துவதை மேஸ்திரி தீர்மானிக்கிறார். பாரத்தைக் காண்டிராக்டர் தீர்மானிக்கிறார். ஒரே தசை தேய்ந்துகொண்டே போகிறது, பக்கத்துத் தசை வேலையே இல்லாமல் வற்றிக்கொண்டே போகிறது.

இது நமது சொந்த அபிப்பிராயம் அல்ல. பல தேசங்களில் நடந்த 17 ஆராய்ச்சிகளை ஒன்றாகச் சேர்த்து, ஏறக்குறைய இரண்டு லட்சம் பேருடைய விவரங்களை அலசிய ஓர் ஆய்வு 2018ஆம் ஆண்டில் வெளிவந்தது. வேலையில் கடுமையாக உடம்பை வருத்தும் ஆண்கள், அப்படி வருத்தாத வேலையில் இருப்பவர்களைக் காட்டிலும் அகால மரணத்துக்கு ஆளாகும் வாய்ப்பு 18 சதவீதம் கூடுதல் என்று அது கண்டது. ஓய்வு நேரத்தில் ஓடுகிறவனுக்கும் ஆடுகிறவனுக்கும் ஆயுள் கூடுகிறது. கூலிக்காக உடம்பை வருத்துகிறவனுக்குக் குறைகிறது! விஞ்ஞானிகள் இதைப் புதிர் என்கிறார்கள். நமக்கு இதில் பெரிய புதிர் ஒன்றும் தெரியவில்லை. கடின வேலை செய்கிறவர்கள் ஏழைகளாகவும் இருப்பதால் வறுமைதான் காரணமாக இருக்கலாம், வேலை அல்ல என்று வாதிக்கிற நிபுணர்களும் உண்டு. இருக்கட்டும். அந்த வறுமையும் இந்த வேலையும் இரண்டு வெவ்வேறு ஆட்களின் உடம்பிலா குடியிருக்கின்றன?

லண்டன் பஸ் தொழிலாளர்களின் கதையையும் இங்கே சொல்லவேண்டும். ஜெர்ரி மாரிஸ் என்று ஒரு டாக்டர். கிளாஸ்கோவில் ஏழைக் குடியேறிகளின் குடும்பத்தில் வளர்ந்தவர், சோஷலிஸ்டு. மாடி பஸ்களில் வேலை செய்த டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டு அவர் 1953இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். இருவரும் ஒரே பஸ்ஸில் போகிறவர்கள், ஒரே வர்க்கத்தவர்கள். ஆனால் நாள் முழுதும் உட்கார்ந்தே இருந்த டிரைவர்களுக்கு மாரடைப்பு அதிகமாக வந்தது. மாடிப்படிகளை ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்குக் குறைவாக வந்தது. சிலர் ஆட்சேபித்தார்கள்: ஆரம்பத்திலேயே தடித்த ஆட்கள் டிரைவர் வேலைக்குப் போயிருப்பார்களோ? மாரிஸ் விடவில்லை. கம்பெனி தைத்துக் கொடுத்த யூனிபாரத்தின் அளவுகளைத் தேடி எடுத்து 1956இல் அதையும் வெளியிட்டார். டிரைவர்களின் கால்சட்டை இடுப்பு உண்மையிலேயே பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் மாரடைப்பு விஷயத்தில் ஒல்லியான டிரைவர், தடித்த டிரைவர் என்று பார்த்தாலும் கண்டக்டர்களைவிட அவர்கள் நிலை மோசமாகவே இருந்தது. தேகம் அசைவது இருதயத்தைக் காக்கும் என்பதை உலகம் கணக்குப் போட்டு அறிந்துகொண்டது கோடீஸ்வரர்களின் கிளப்பிலே அல்ல. பஸ் தொழிலாளியின் மாடிப்படியிலே! மாரிஸ் தாமும் தேகப்பயிற்சியை விடாமல் செய்து 99 வயதுவரை வாழ்ந்து 2009இல் காலமானார்.

"கண்டக்டர் ஏறியதும் வேலைதானே, அது மட்டும் எப்படி நல்லது செய்தது?" என்று ஒரு கெட்டிக்காரத் தோழர் கேட்கக்கூடும். சரியான கேள்வி. கண்டக்டர் விறுவிறுவென்று ஏறினார், மேலே நின்று டிக்கெட் கொடுத்தார், இறங்கினார், மறுபடி ஏறினார். பாரம் இல்லாத ஏற்றம், நடுவிலே மூச்சு வாங்க இடைவெளி. தேகப்பயிற்சிக்கு உள்ள குணம் அந்த வேலைக்கே தற்செயலாக வாய்த்திருந்தது. நம்முடைய வேலைகளில் எத்தனைக்கு அது வாய்த்திருக்கிறது?

மேலும், வேலையும் பழைய வேலையாக இல்லை. அறுவடை மிஷின் வந்துவிட்டது, நடவு மிஷின் வந்துகொண்டிருக்கிறது. மில்லிலே டாஃபிங்கை மிஷின் செய்கிறது. கோவையிலும் மதுரையிலும் எத்தனையோ பழைய மில்கள் மூடிக் கிடக்கின்றன. அங்கே வேலை பார்த்தவர்கள் பலர் இன்று இரவுக் காவலராக நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். தட்டிலே அரிசிச் சோறு மட்டும் பழைய அளவில் இருக்கிறது. சர்க்கரை வியாதி பணக்காரனின் வியாதி என்று நம் தாத்தாக்கள் நம்பினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் பெரிய ஆய்வு 2023இல் வெளியானபோது, இந்தியாவில் சர்க்கரை வியாதிக்காரர்கள் 10 கோடிக்கு மேல் என்று தெரிந்தது. இவர்கள் எல்லோரும் பங்களாவாசிகளா? 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியர் மாத்திரைப் பையோடு எந்தெந்தத் தெருவுக்கு வருகிறார் என்று பாருங்கள். காலனித் தெருவுக்கும் வருகிறார், மில் லைனுக்கும் வருகிறார்.

மாத்திரை நல்லது, அதை நிறுத்தச் சொல்லும் பைத்தியக்காரத்தனத்தை நாம் செய்ய மாட்டோம். ஆனால் மாத்திரை கொடுக்கும் டாக்டர் கூடவே ஒன்று சொல்கிறார்: "தினம் முக்கால் மணி நேரம் நடங்கள்." எங்கே நடப்பது? லாரி பறக்கும் பைபாஸ் ரோட்டின் ஓரத்திலா? தெருவிளக்கு எரியாத, நாய் துரத்தும் ஏரிக்கரையிலா? ஆஸ்டல் வாசலைத் தாண்டினால் வார்டனுக்குப் பதில் சொல்லவேண்டிய மில் பெண் எங்கே நடப்பாள்? டாக்டர் எழுதிக் கொடுக்கும் இந்த மருந்து மட்டும் எந்த சர்க்கார் ஆஸ்பத்திரியிலும் கிடைப்பதில்லை.

கிடைக்கிற இடம் ஒன்று டவுனில் இருக்கிறது. கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், சுவர் முழுதும் சினிமா நட்சத்திரங்களின் மார்பு. சின்ன டவுனிலேயே மாதத்துக்கு ஐநூறு, ஆயிரம் என்கிறான். வருஷத்துச் சந்தாவை மொத்தமாகக் கட்டினால் சலுகையாம்! இந்த வியாபாரத்தின் ரகசியமே அதில்தான் இருக்கிறது. பணத்தைக் கட்டிவிட்டு வராமல் போகிறவர்களால்தான் அவன் பிழைக்கிறான். கட்டிய அத்தனை பேரும் ஒருநாள் மாலையில் ஒன்றாக வந்துவிட்டால் அந்தக் கூடத்தில் நிற்க இடம் இருக்காது. ஆகவே நீங்கள் இரண்டாம் மாதம் நின்றுவிட்டால் யாரும் உங்களைத் தேடி வரமாட்டார்கள். சந்தோஷப்படுவார்கள்.

இந்தச் சந்தாவுக்கு 2025 செப்டம்பர் வரை 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வசூலிக்கப்பட்டுவந்தது. உடம்பைப் பேணுவது ஏதோ ஆடம்பரம் என்பது போல! அந்த மாதம் 22ஆம் தேதியிலிருந்து அது 5 சதவீதமாகக் குறைந்தது. குறைந்த வரி சந்தாவில் குறைந்ததா, முதலாளியின் பெட்டியில் சேர்ந்ததா என்று சந்தா கட்டுகிற இளைஞர்கள் பழைய ரசீதையும் புதிய ரசீதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

பிறகு பவுடர் டப்பா. ஒரு விவசாயக் கூலிக் குடும்பத்துப் பையன், இரண்டு வாரக் கூலியைக் கொடுத்துப் புரோட்டீன் பவுடர் வாங்கி, வீட்டில் யாருக்கும் தெரியாமல் குடிக்கிறான். நூறு கிராம் வேர்க்கடலையில் ஏறக்குறைய 25 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு முட்டையில் 6 கிராம். உளுந்து, பயறு, பொட்டுக்கடலை, நெத்திலிக் கருவாடு ஆகிய எதற்கும் விளம்பரம் கிடையாது, அவ்வளவுதான். ஹைதராபாத்திலுள்ள தேசிய உணவூட்ட நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், உடம்பை ஏற்றுவதற்காகப் புரோட்டீன் பவுடர்களைச் சாப்பிடுவதைத் தவிர்க்கும்படி சொல்லியிருக்கிறது. பவுடரோடு நில்லாமல் ஊசிக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த ஸ்டீராய்டு ஊசி இருதயத்தையும் ஈரலையும் ஆண்மையையும் கெடுக்கும். நாற்பத்தைந்து நாளில் மார்பு விரிகிறது என்று சொல்லிக் கொடுப்பவன், நாற்பத்தாறாம் நாள் பக்கத்தில் இருக்கமாட்டான்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு, "தேகப்பயிற்சியே முதலாளித்துவ மோகம், நமக்கு வேண்டாம்" என்று சில பெரியவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். இது தவறு. கடைக்காரன் தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து விற்கிறான் என்பதற்காகக் கிணறு வெட்டுவதை விட்டுவிடுவோமா?

எட்டு மணி நேர வேலை, எட்டு மணி நேரத் தூக்கம், எட்டு மணி நேரம் நம் இஷ்டம் என்ற கோஷத்துக்கு இருநூறு வருஷ வயது. 1886இல் சிகாகோவில் தொழிலாளர்கள் அதற்காக ரத்தம் சிந்தினார்கள். 2023 ஏப்ரலில் நம் சட்டசபையிலேயே 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதா நிறைவேறியது. எல்லாச் சங்கங்களும் எதிர்த்து எழுந்தபின், மே தினத்தன்று அது வாபஸ் என்று அறிவிக்கப்பட்டது. அந்த மூன்றாவது எட்டு மணி நேரத்தைக் காப்பாற்ற நாம் இவ்வளவு பாடுபடுகிறோம். காப்பாற்றிய நேரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறோம்? பாதியைப் பஸ்ஸும் ரேஷன் கடை வரிசையும் தின்கின்றன. மீதியைக் கைப்பேசி தின்கிறது. 2003 முதல் சில்லறைச் சாராய வியாபாரத்தைச் சர்க்காரே நடத்துகிறது. ஷிப்டு விட்டு வரும் தொழிலாளியை எதிர்பார்த்து அந்தக் கடை ராத்திரி பத்து மணிவரை திறந்திருக்கிறது. அந்தக் கடைக்கு வழி தெரியாதவர் யாரும் இல்லை. தேகப்பயிற்சிக் கூடத்துக்கு வழி கேட்டால் காட்ட ஆள் இல்லை.

கூடமே இல்லையென்று சொல்வதற்கில்லை. சில ஆண்டுகளுக்கு முன் சர்க்கார் செலவில் பல ஊராட்சிகளில் பூங்காவும் தேகப்பயிற்சிக் கூடமும் கட்டினார்கள். 2024இல் ஊராட்சிதோறும் விளையாட்டுச் சாமான்கள் என்று பெட்டி பெட்டியாகக் கொடுத்தார்கள். நாம் போகிற ஊர்களில் பார்க்கிறோம். சில இடங்களில் நன்றாகவே நடக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பல இடங்களில் கதவிலே பூட்டு, பூட்டிலே துரு. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால் சைக்கிள் மிஷின் மேல் சிமெண்டு மூட்டை. சாவி யாரிடம் என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுகிறார். கட்டடம் கட்டுவதில் காண்டிராக்டருக்கு லாபம் உண்டு. கதவைத் திறந்து வைப்பதில் யாருக்கும் லாபம் இல்லை. அந்த வேலை நம்மைத்தான் சேரும்.

திறப்பது என்றால் யாருக்குத் திறப்பது? இங்கேதான் நாம் தோழர்களோடு கொஞ்சம் கடுமையாகப் பேச வேண்டியிருக்கிறது.

நம் நாட்டில் தேகப்பயிற்சிக்குப் பஞ்சம் இருந்ததில்லை. கரலாக்கட்டையும் தண்டாலும் பஸ்கியும் சிலம்பமும் நமக்குப் புதிதல்ல. வடசென்னையில் துறைமுகத் தொழிலாளிகளும் மீனவர்களும் குத்துச்சண்டையைத் தங்கள் சொந்தச் சொத்தாக்கிக் கொண்டார்கள். சார்பட்டா, இடியப்பா என்று பரம்பரைகள் கட்டிச் சண்டை போட்டதை 2021இல் வந்த சினிமாவின் மூலம் ஊர் முழுதும் அறிந்தது. ஆனால் கிராமத்துக் கூடத்தின் சுவரை உற்றுப் பாருங்கள். சில இடங்களில் யாருடைய படம் மாட்டியிருக்கிறது, கம்பத்தில் என்ன வர்ணக் கொடி என்று பார்த்தாலே, எந்தத் தெருப் பையன் உள்ளே வரலாம், எந்தத் தெருப் பையன் வரக்கூடாது என்று தெரிந்துவிடும். திருவிழாச் சண்டைக்கு ஆள் தயார் செய்யும் பட்டறை அது. இன்னும் சில கூட்டங்கள் கையில் தடியைக் கொடுத்து, அணிவகுக்கச் சொல்லிக் கொடுத்து, பக்கத்துத் தெரு முஸ்லிமை எதிரியென்று காட்டிக் கொடுக்கின்றன. அங்கேயும் உடம்பு வளர்கிறது. யாருக்காக வளர்கிறது?

ஆகவே கூடம் எந்த இடத்தில் அமைகிறது என்பது முதல் கேள்வி. கோயில் வாசலில் அமைந்தால் காலனிப் பையன் வரத் தயங்குவான். அவனைத் தயங்க வைத்த சரித்திரம் அவனுக்குத் தெரியும். இரண்டு தெருவாரும் ஒருவரையொருவர் கேட்காமல் வந்துபோகக்கூடிய பொதுப் பாதையில், பள்ளிக்கூட மைதானத்தில், சங்கக் கட்டடத்தின் பின்புறத்தில் அமையட்டும். ஒருவன் படுத்து இரும்பைத் தூக்கும்போது தலைமாட்டில் இன்னொருவன் கை கொடுத்து நிற்க வேண்டும். கை தளர்ந்தால் கழுத்தில் விழும். அந்த நேரத்தில் நிற்கிறவன் எந்தத் தெரு என்று யாரும் கேட்பதில்லை. நூறு சமத்துவப் பிரசங்கத்தைவிட இந்த ஒரு காரியம் பெரிது என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் பிரசங்கம் செய்கிற தோழர்கள் இதையும் செய்யட்டும் என்று கேட்போம்.

இரண்டாவது, பெண்கள். "பொம்பளைக்கு எதுக்கு கரலாக்கட்டை?" என்று கேட்கிற தோழர் வீட்டிலேயே பார்க்கட்டும். நடவிலும் களையெடுப்பிலும் முதுகு ஒடிவது யாருக்கு? ஸ்பின்னிங்கில் பெரும்பாலும் நிற்பது யார்? மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு வேகமாகத் தேய்வது யாருக்கு? எலும்பு தேயாமல் காக்கவும் தசை வற்றாமல் காக்கவும் பாரம் தூக்கும் பயிற்சி பலன் தரும் என்று வைத்தியர்களே சொல்கிறார்கள். தண்ணீர்க் குடமும் விறகுக்கட்டும் தூக்கும்போது யாரும் "பொம்பளைக்கு எதற்கு" என்று கேட்டதில்லையே! பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்குவதானாலும் சரி, சேர்ந்து செய்வதானாலும் சரி, அதைப் பெண்களே கூடித் தீர்மானிக்கட்டும். கூடத்தின் கமிட்டியில் பாதிப் பேர் அவர்களாக இருக்கட்டும்.

உலகத்தில் தொழிலாளிகள் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். ஜெர்மனியில் பழைய தேகப்பயிற்சிச் சங்கங்கள் கெய்சருக்குத் துதி பாடுகிற இடங்களாக மாறியபோது, தொழிலாளிகள் வெளியேறி 1893இல் கெரா நகரத்தில் தங்களுக்கென்று ஒரு தேகப்பயிற்சிச் சங்கம் கண்டார்கள். 1920களின் இறுதியில் அதில் லட்சக்கணக்கான அங்கத்தினர்கள். லீப்சிக்கில் 1926இல் சொந்தப் பயிற்சிப் பள்ளியே திறந்தார்கள். 1925இல் பிராங்க்பர்ட்டிலும் 1931இல் வியன்னாவிலும் தொழிலாளர் ஒலிம்பிக்ஸ் நடந்தது. தேசத்துக்கு எதிராகத் தேசம் என்று இல்லாமல், பல்லாயிரம் ஆண்களும் பெண்களும் கூடிச் செய்த விழா. 1933இல் ஹிட்லர் வந்தான். சங்கத்தைத் தடை செய்தான், சொத்துக்களைப் பிடுங்கினான். தண்டால் எடுக்கிற சங்கத்தைக் கண்டு ஒரு சர்வாதிகாரி ஏன் பயப்பட வேண்டும்? தினமும் மாலையில் கூடுகிறவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் ஆகிவிடுகிறார்கள் என்பது அவனுக்குத் தெரியும்.

அந்த அறிமுகம்தான் உடம்புக்கும் மருந்து. தனியாகப் பயிற்சி ஆரம்பிக்கிறவன் முதல் மழையில் நிறுத்திவிடுகிறான். பத்துப் பேரோடு ஆரம்பிக்கிறவனை ஒன்பது பேர் எதிர்பார்த்திருக்கிறார்கள். ஆகவே கூடத்தில் ஒரு நோட்டு வேண்டும். மூன்று நாள் ஒருவர் வராவிட்டால் நாலாம் நாள் இரண்டு பேர் அவர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். காய்ச்சலா, கடன்காரன் தொல்லையா, குடியா என்று தெரிந்துவிடும். கண்ணாடிக் கதவுக்காரன் எத்தனை ஆயிரம் வாங்கினாலும் செய்யாத சேவை இது. புதிதாக வருகிற ஐம்பது வயதுக்காரரைப் பார்த்து இளவட்டங்கள் சிரித்தால் அவர் மறுநாள் வரமாட்டார். சிரிப்பவனை நிறுத்திவிட்டு அவரை நிறுத்திக்கொள்ளுங்கள்.

சாமான்களுக்கு ஏங்க வேண்டாம். இரண்டு கம்பம் நட்டு மேலே ஒரு இரும்புக் குழாய், கரலாக்கட்டை நாலு ஜோடி, மணல் மூட்டை ஐந்து கிலோவிலிருந்து முப்பது கிலோ வரை, ஒரு வடக்கயிறு, கோரைப்பாய் பத்து. ஊர்த் தச்சரும் வெல்டிங் பட்டறைக்காரரும் மனது வைத்தால் ஒரு வாரத்தில் ஆகிவிடும். சொல்லிக் கொடுக்கப் பள்ளிக்கூடத்து பி.டி. வாத்தியாரைக் கேளுங்கள், மரியாதையாகக் கேட்டால் அநேகமாக வருவார்.

எவ்வளவு செய்வது? உலக சுகாதார ஸ்தாபனம் 2020இல் சொன்ன அளவு: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான பயிற்சி, அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்குப் பலம் தரும் பயிற்சி. 65 வயதைத் தாண்டியவர்கள் கீழே விழாமல் இருக்க, வாரம் மூன்று நாள் நிதானம் காக்கும் பயிற்சியும் செய்யவேண்டும். வேலையில் நாள் முழுதும் குனிகிறவர்களுக்கு இங்கே நிமிர்கிற பயிற்சி முக்கியம். நிற்கிறவர்களுக்குக் காலை மடக்கி நீட்டுகிற பயிற்சி. ஒரே கையால் வேலை செய்கிறவர்களுக்கு மற்ற கை. நைட் ஷிப்டு முடித்து வந்த காலையில் வெறும் வயிற்றோடு யாரும் மணல் மூட்டையைத் தொடக்கூடாது, முதலில் தூக்கம். நாற்பது தாண்டியவர்களும் கொதிப்பு, சர்க்கரை உள்ளவர்களும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிவிட்டு ஆரம்பிக்கட்டும். பயிற்சியின்போது நெஞ்சை அழுத்தினால், தாடைக்கோ இடது கைக்கோ வலி பரவினால், "வாயு" என்று சொல்லிச் சோடா குடிக்காமல் 108க்கு போன் செய்யுங்கள்.

கடைசியாக ஒரு வாதம். "கூலி உயர்வு கேட்க வேண்டிய சங்கம் கரலாக்கட்டை சுற்றலாமா? போராட்டத்தை மழுங்கடிக்கும் சீர்திருத்தவாதம் அல்லவா இது?" என்று படித்த தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். பஞ்சுத் தூசியால் வரும் மார்பு வியாதிக்குத் தண்டால் மருந்தல்ல என்பது நமக்குத் தெரியும். வாரவிடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் மார்பு இறுகுகிறது என்றால், அதற்கு வேண்டியது தூசியை இழுக்கும் மிஷினும் சரியான பரிசோதனையும் நஷ்ட ஈடும். அதைக் கேட்டுத்தான் தீரவேண்டும். கூடம் அமைத்துக் கொடுத்துவிட்டு, "உங்கள் ஆரோக்கியத்துக்கு நாங்கள் செய்துவிட்டோம்" என்று போட்டோ பிடித்துக்கொள்ளும் நிர்வாகத்திடம் தூசிக் கணக்கைத்தான் முதலில் கேட்கவேண்டும். ஆனால் 1948ஆம் வருஷத்து பாக்டரிச் சட்டத்தில் 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கேண்டீன் வேண்டும் என்று எழுதியிருந்தார்களே, அதைச் சீர்திருத்தவாதம் என்று யாராவது சாப்பிடாமல் இருந்தோமா? சோறு எப்படி உரிமையோ, அந்தச் சோறு தங்குகிற உடம்பைப் பேண இடமும் நேரமும் அப்படியே உரிமை. ஐம்பது வயதில் முதுகு விட்டுப்போன தொழிலாளியை வைத்துக்கொண்டு எந்தப் போராட்டத்தை நடத்துவது? ஊர்வலத்தில் அவர் நாலு மைல் நடக்க வேண்டாமா?

மே 1ஆம் தேதி கிராம சபை கூடுகிறது. ஊராட்சிப் பொறுப்பில் இருப்பவர் தலைவரானாலும் தனி அலுவலரானாலும் அன்றைக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பூட்டிய கூடம் இருக்கிற ஊரில் அதைத் திறக்கவும், இல்லாத ஊரில் பொது இடம் ஒதுக்கவும் தீர்மான நோட்டில் எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போடுங்கள். 2024இல் வந்த சாமான் பெட்டியில் என்னென்ன இருந்தன, இப்போது என்னென்ன மிச்சம் என்று பட்டியல் கேளுங்கள். மில் ஷிப்டு விடுகிற நேரத்துக்கும் வயல் வேலை முடிகிற நேரத்துக்கும் பொருந்த, மாலை ஐந்து முதல் இரவு ஒன்பதுவரை கதவு திறந்திருக்க வேண்டும் என்றும் எழுதச் சொல்லுங்கள். சாவி யார் பெயரில் என்பதை அந்தத் தீர்மானத்திலேயே குறிக்கச் சொல்லுங்கள்; இரண்டு சாவி இருந்தால் ஒன்று பெண்கள் கையில்.